ஒரு நம்பர்... ரெண்டு எல்லை!

அடுத்த மாசம் பாக்கெட் மணி கேட்கும்போது அப்பாகிட்ட இப்படி ஒரு டீல் போட்டுப் பாருங்க.

"அப்பா, மொத்தமா எதுவும் வேணாம்ப்பா. ஒண்ணாம் தேதி ஒரு ரூபா குடுங்க. ரெண்டாம் தேதி ரெண்டு ரூபா. மூணாம் தேதி நாலு ரூபா. இப்படி தினமும் முந்தின நாள் குடுத்ததுல டபுள். 31-ம் தேதியோட கணக்கு க்ளோஸ்!"

'பரவாயில்லையே, பையன் திருந்திட்டான்' என்று அப்பா உடனே தலையாட்டிவிடுவார். முதல் வாரம் முடியும்போது மொத்தமே 127 ரூபாய்தான். மனுஷன் சந்தோஷமாக இருப்பார். பதினைந்தாம் தேதி கூட்டிப் பார்த்தால் 32,767 ரூபாய். லேசாக வியர்க்கும். இருபதாம் தேதி மொத்தம் பத்து லட்சத்தைத் தாண்டும். வீட்டுப் பத்திரத்தைத் தேட ஆரம்பிப்பார். 31-ம் தேதி ஒருநாள் மட்டும் அவர் தரவேண்டியது 107 கோடியே 37 லட்சத்து 41 ஆயிரத்து 824 ரூபாய்!

மாசம் முழுக்கச் சேர்த்தால்? 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647.

சேர்த்து எழுதினால் 2147483647. பத்தே இலக்கம்தான். பார்க்க ஏதோ செல்போன் நம்பர் மாதிரி இருக்கிறது. ஆனால் பாஸ், இது சாதாரண நம்பர் இல்லை. ஒரு காலத்தில் மனித மூளை தொட்ட எல்லையில் நின்ற நம்பர் இது. அப்புறம் கம்ப்யூட்டர்களின் எல்லையாகவும் ஆனது. முதல் எல்லையை எப்பவோ தாண்டிவிட்டோம். ரெண்டாவதை இன்னும் முழுசாகத் தாண்டவில்லை. அதுக்கு நாள், மணி, நொடி எல்லாம் குறித்தாகிவிட்டது!

சாமியாரின் லிஸ்ட்

இந்த நம்பரை உருவாக்குவது ரொம்ப ஈஸி. 2-ஐ 31 தடவை எழுதி, எல்லாவற்றையும் பெருக்குங்கள். வருவதில் ஒன்றைக் கழியுங்கள். அவ்வளவுதான்.

இதே மாதிரி 2-ஐ ரெண்டு தடவை பெருக்கி ஒன்றைக் கழித்தால் 3. மூன்று தடவை என்றால் 7. ஐந்து தடவை என்றால் 31. ஏழு தடவை என்றால் 127. இவை எல்லாமே பகா எண்கள். அதாவது ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதாலும் மீதியின்றி வகுபடாதவை. ஆனால் நாலு தடவை பெருக்கிப் பாருங்கள். 16-ல் ஒன்று போக 15. அது மூவைந்து பதினைந்து, அவுட்! எத்தனை தடவை பெருக்குகிறோமோ அந்த எண்ணிக்கையும் பகா எண்ணாக இருந்தால்தான் விடை பகா எண்ணாக வர வாய்ப்பு.

'அப்போ பகா எண்ணைப் போட்டா கண்டிப்பா வந்துடுமா?' என்று கேட்டால், அங்கேதான் ட்விஸ்ட். 11 தடவை பெருக்கினால் 2048. ஒன்று போக 2047. பார்க்கப் பகா எண் மாதிரியே முகத்தை வைத்துக்கொண்டு இருக்கும். ஆனால் 23-ஐ 89-ஆல் பெருக்கினால் 2047!

பிரான்ஸ் நாட்டில் மாரன் மெர்சென் என்று ஒரு கிறிஸ்துவத் துறவி இருந்தார். பூஜை நேரம் போக மீதி நேரத்தில் ஐரோப்பாவின் பெரிய பெரிய அறிவாளிகளுக்கெல்லாம் கடிதம் எழுதுவது அவர் வேலை. அவர் 1644-ல் ஒரு லிஸ்ட் வெளியிட்டார். '2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257... இத்தனை தடவை பெருக்கி ஒன்றைக் கழித்தால் பகா எண் வரும். 257 வரைக்கும் வேறு எதுவும் தேறாது' என்று அடித்துச் சொன்னார். அதனால்தான் இந்த வகை எண்களுக்கு இன்றைக்கும் 'மெர்சென் எண்கள்' என்று பெயர்.

ஆனால் சாமியார் ஐந்து இடத்தில் கோட்டை விட்டிருந்தார். 67-ம் 257-ம் தப்பு. 61, 89, 107 மூன்றையும் விட்டுவிட்டார். கால்குலேட்டர் இல்லாத காலத்தில் யார் சரிபார்ப்பது? இந்தத் தப்புகளை எல்லாம் கண்டுபிடித்து முடிக்க முந்நூறு வருஷம் ஆனது.

நம்ம ஹீரோ 31-வது நம்பர் விஷயத்தில் மட்டும் விடை சீக்கிரமே கிடைத்தது. கண்டுபிடித்தவருக்கு அப்போது கண் பார்வை ஏறக்குறைய போய்விட்டிருந்தது!

கண் தெரியாத கணக்குப் புலி

லியோன்ஹார்ட் ஆய்லர். சுவிட்சர்லாந்தில் பிறந்து, ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் வாழ்ந்தவர். இளம் வயதிலேயே வலது கண் பார்வையை இழந்தார். அப்புறம் இடது கண்ணில் புரை. 1771-ல் ஆபரேஷன் செய்தும் பார்வை நிலைக்கவில்லை. அதே வருஷம் வீடும் தீப்பிடித்து எரிந்தது. வேறு யாராக இருந்தாலும் 'போதும்டா சாமி' என்று உட்கார்ந்திருப்பார்கள். ஆய்லர் மனக்கணக்காகவே போட்டு, சொல்லச் சொல்ல மற்றவர்களை எழுதவைத்தார். அவர் எழுதியதில் ஏறக்குறைய பாதி பார்வை போன பிறகு எழுதியதுதான்.

1772-ல் பெர்னூலி குடும்பத்தைச் சேர்ந்த கணித மேதை ஒருவருக்கு அவர் ஒரு கடிதம் அனுப்பினார். விஷயம் சிம்பிள்: 2147483647 ஒரு பகா எண்.

இதை எப்படிச் சொல்ல முடியும்? நேர்வழி ஒன்று இருக்கிறது. ஒரு எண் பகா எண்தானா என்று பார்க்க, அதன் வர்க்கமூலம் வரைக்கும் உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். நம்ம நம்பருக்கு வர்க்கமூலம் 46,340-க்குக் கொஞ்சம் மேலே. அதுவரைக்கும் உள்ள பகா எண்கள் 4,792. அத்தனையாலும் பத்து இலக்க எண்ணைக் கையால் வகுப்பதா? செமஸ்டரே முடிந்துவிடும்!

ஆய்லர் முதலில் யோசித்தார். 'இந்த நம்பரை ஒரு பகா எண் வகுக்கிறது என்றால், அந்தப் பகா எண் எப்படிப்பட்டதாக இருக்கணும்?' அவர் கண்டது இதுதான். அதை 248-ஆல் வகுத்தால் மீதி ஒன்று அல்லது 63 மட்டும்தான் வரணும். வேறு எந்த மீதி வந்தாலும் அந்த எண்ணைத் தொடவே வேண்டாம்.

இந்த ஒரே ஒரு வடிகட்டியில் என்ன ஆனது தெரியுமா? 46,340 வரைக்கும் சோதிக்க வேண்டியவை வெறும் முந்நூற்று எழுபத்துச் சொச்சம் எண்கள். அதிலும் பகா எண் அல்லாதவற்றைத் தூக்கிப் போட்டால் எண்பத்துச் சொச்சம்தான் பாக்கி. நாலாயிரத்து எழுநூறு எங்கே, எண்பது எங்கே!

லிஸ்டில் முதல் ஆள் 311. வகுத்தால் மீதி 35. அடுத்து 1,303. மீதி 226. அடுத்து 1,489. மீதி 199. இப்படியே கடைசி வரைக்கும் போனால் ஒன்றுகூட மீதியில்லாமல் வகுக்கவில்லை. நிரூபணம் முடிந்தது. சந்தேகம் இருந்தால் செல்போன் கால்குலேட்டரை எடுத்து இந்த மூன்றையும் இப்பவே போட்டுப் பாருங்கள். ஆய்லரிடம் அது இல்லை. கண்ணும் இல்லை.

அதற்குப் பிறகு முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாக, மனிதர்களுக்குத் தெரிந்த மிகப் பெரிய பகா எண் இதுதான். முதல் எல்லை!

'இதுக்கு மேல யாரும் போக மாட்டாங்க!'

இந்த நம்பருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 6-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதை வகுக்கும் சிறிய எண்கள் 1, 2, 3. கூட்டினால் மறுபடி 6. அதேபோல 28-க்கு 1, 2, 4, 7, 14. கூட்டினால் 28. இந்த மாதிரி எண்களுக்கு 'நிறைவெண்' என்று பெயர். தன்னுடைய பாகங்களைச் சேர்த்தால் தானே வந்து நிற்கிற எண்.

ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே யூக்ளிட் இதற்கு ஒரு ரெசிபி கொடுத்துவிட்டார். மெர்சென் வகைப் பகா எண் ஒன்றை எடு. ஒன்றைக் கழிப்பதற்கு முன்னால் இருந்த எண்ணில் பாதியால் அதைப் பெருக்கு. நிறைவெண் ரெடி! 3-ஐ 2-ஆல் பெருக்கினால் 6. 7-ஐ 4-ஆல் பெருக்கினால் 28. 31-ஐ 16-ஆல் பெருக்கினால் 496. அப்படியே நம்ம 2147483647-ஐ 1073741824-ஆல் பெருக்கினால் வருவது 2305843008139952128. பத்தொன்பது இலக்கம். நிறைவெண் வரிசையில் இது எட்டாவது.

அந்தப் பெருக்கும் எண்ணை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கா? 31-ம் தேதி அப்பா தரவேண்டிய அதே 107 கோடிச் சொச்சம்தான்!

1811-ல் பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலேயக் கணிதக்காரர் எண்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதில் இந்தப் பத்தொன்பது இலக்க நிறைவெண்ணைப் பற்றிச் சொல்லும்போது, 'கண்டுபிடிக்கப்படப் போவதில் இதுதான் மிகப் பெரியதாக இருக்கும். இதெல்லாம் வேடிக்கைக்குத்தானே, உபயோகம் ஒன்றும் இல்லையே. இதைத் தாண்டிப் போக யாரும் மெனக்கெட மாட்டார்கள்' என்கிற மாதிரி எழுதிவைத்தார்.

பாவம் பார்லோ! 1876-ல் பிரான்ஸின் எட்வர்ட் லூக்கா, 127 தடவை பெருக்கி ஒன்றைக் கழித்த 39 இலக்க எண்ணும் பகா எண்தான் என்று காட்டினார். அதுவும் கம்ப்யூட்டர் இல்லாமல். 1996 முதல் உலகம் முழுக்க உள்ள ஆர்வலர்கள் தங்கள் கம்ப்யூட்டரின் சும்மா இருக்கும் நேரத்தைக் கொடுத்து, 'ஜிம்ப்ஸ்' என்ற பெயரில் சேர்ந்து தேடுகிறார்கள். 2024 அக்டோபரில் அவர்கள் அறிவித்த பகா எண், 2-ஐ 13,62,79,841 தடவை பெருக்கி ஒன்றைக் கழித்தது. அதில் நாலு கோடியே பத்து லட்சத்துச் சொச்சம் இலக்கங்கள்!

முதல் எல்லை அப்படி உடைந்தது. இப்போ ரெண்டாவதுக்கு வருவோம்.

லேப்ல நடந்த மேஜிக்

கம்ப்யூட்டர் லேபில் ஒரு சின்னப் புரோகிராம் போடுங்கள். 'இன்ட்' வகையில் ஒரு பெட்டி. அதில் 2147483647-ஐப் போடுங்கள். கூட ஒன்றைக் கூட்டுங்கள். விடையைத் திரையில் காட்டச் சொல்லுங்கள்.

"டேய் மச்சான், என்னடா மைனஸ்ல வருது?"

"தப்பா டைப் பண்ணியிருப்பே. தள்ளு, நான் பாக்கறேன்... ஏய், ஆமாடா!"

பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் வரும் விடை: மைனஸ் 2147483648. ஒரே ஒரு ரூபாய் கூடுதலாகப் போட்டதற்கு, கோடீஸ்வரன் கடன்காரன் ஆகிவிட்டான்!

காரணம் இதுதான். அந்தப் பெட்டியில் 32 சுவிட்ச்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆன் அல்லது ஆஃப். முதல் சுவிட்ச் ப்ளஸ்ஸா மைனஸா என்று சொல்வதற்கு. மீதி 31-ம் நம்பரை எழுதுவதற்கு. 31-ம் ஆன் ஆகி நின்றால் வருகிற நம்பர்தான் 2147483647. நம்ம அப்பா டீல் மாதிரியேதான். 31 நாள், ஒவ்வொரு நாளும் டபுள்!

பழைய ஸ்கூட்டரில் கிலோமீட்டர் மீட்டர் 99999-க்கு அப்புறம் 00000 ஆகும் இல்லையா? அதே கதைதான். ஒன்றைக் கூட்டினதும் 31 சுவிட்சும் ஆஃப் ஆகி, மிச்சம் இருந்த முதல் சுவிட்ச் ஆன் ஆகிவிடுகிறது. அது மைனஸ் சுவிட்ச். கம்ப்யூட்டர் கண்ணை மூடிக்கொண்டு மைனஸ் என்று படிக்கிறது.

டர்போ சி-யின் நீலத் திரையில் படித்தவர்களுக்கு இந்த அதிர்ச்சி 32,767-லேயே வந்திருக்கும். அங்கே 'இன்ட்' பெட்டிக்கு 16 சுவிட்ச்தான். எட்டு சுவிட்ச் பெட்டிக்கு எல்லை 127. அப்பாவின் முதல் வாரக் கணக்கும், பதினைந்தாம் தேதிக் கணக்கும் ஞாபகம் வருதா?

விமானத்துக்கும் ஒரு நாள் கணக்கு

'சரி, லேப்ல மைனஸ் வந்தா அழிச்சுட்டுப் போடலாம். இதுல என்ன இருக்கு?' என்று கேட்பீர்கள். லேபுக்கு வெளியே வந்து பார்ப்போம்.

'கங்னம் ஸ்டைல்' பாட்டுக்கு ஆடாத ஹாஸ்டல் டே உண்டா? கொரியாவின் சை பாடி 2012-ல் வந்தது. யூடியூபில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணும் பெட்டி 32 சுவிட்ச் பெட்டி. 214 கோடியை ஒரு வீடியோ தொடும் என்று அதை வடிவமைத்தவர்கள் எதிர்பார்க்கவில்லை. 2014 டிசம்பரில் யூடியூப் நிறுவனம், இந்தப் பாட்டால் பெட்டியை 64 சுவிட்சாக மாற்றிவிட்டோம் என்று ஜாலியாக அறிவித்தது. புது எல்லை சுமார் 92 ஆயிரம் கோடி கோடி. தைரியமாகப் பார்க்கலாம்!

இது சிரிக்கிற கதை. அடுத்தது அப்படி இல்லை. 2015-ல் அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறை ஒரு அவசர உத்தரவு போட்டது. போயிங் 787 விமானங்களில் மின்சார ஜெனரேட்டர்களைக் கட்டுப்படுத்தும் கருவிகள் தொடர்ந்து 248 நாள் ஆஃப் ஆகாமல் ஓடினால், அவற்றுக்குள் இருக்கும் ஒரு கவுன்ட்டர் நிரம்பி வழிந்துவிடும். எல்லாக் கருவியும் ஒரே நேரத்தில் ஆன் ஆகியிருந்தால், எல்லாமே ஒரே நேரத்தில் படுத்துவிடும். விமானத்தில் கரன்ட் கட்! நல்லவேளை, சோதனைக்கூடத்திலேயே கண்டுபிடித்தார்கள். உடனடித் தீர்வு என்ன தெரியுமா? நம்ம வீட்டு டி.வி.க்குச் செய்கிற அதே வைத்தியம்தான். அப்பப்போ ஆஃப் பண்ணி ஆன் பண்ணு!

ஏன் 248 நாள்? ஒரு நொடியை நூறாகப் பிரித்து எண்ணிக்கொண்டே போனால், 2147483647-ஐத் தொட 248 நாளும் அரை நாளும் ஆகும். கணக்கு அச்சாகப் பொருந்துகிறது. ஆய்லரின் வடிகட்டியிலும் 248-தான் வந்தது. அது சும்மா தற்செயல். ஆனாலும் லேசாகப் புல்லரிக்குது, இல்லே?

செவ்வாய்க்கிழமை, காலை 8.44

இப்போ மெயின் மேட்டர். யூனிக்ஸ் வழியில் வந்த கம்ப்யூட்டர்கள் 'இன்னிக்கு என்ன தேதி?' என்பதைத் தேதியாக வைத்துக்கொள்வதில்லை. 1970 ஜனவரி 1 பிறந்த நொடியிலிருந்து எத்தனை நொடி ஆச்சு என்று ஒரே நம்பராக எண்ணுகின்றன. அந்த நம்பரை நீண்ட காலம் போட்டுவைத்தது நம்ம 32 சுவிட்ச் பெட்டியில்தான்.

1971-ல் வந்த முதல் வடிவத்தில் நொடியை அறுபதாகப் பிரித்து எண்ணினார்கள். அப்படிப் போனால் ரெண்டேகால் வருஷத்தில் பெட்டி நிரம்பிவிடும். அதனால் முழு நொடியாக மாற்றினார்கள். 1970-லிருந்து 68 வருஷம் தாங்கும். அன்றைக்கு அது ரொம்ப தூரம். 'அது வரைக்கும் இந்த மெஷினா ஓடப்போகுது?'

ஓடிக்கொண்டிருக்கிறதே! 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை. இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிஷம் 7 நொடி. அந்த நொடியில் பெட்டியில் 2147483647 இருக்கும். அடுத்த நொடி, மாற்றப்படாத கம்ப்யூட்டர்கள் மைனஸுக்குப் போய், 1901 டிசம்பர் என்று நினைத்துக்கொள்ளும். பாரதியார் மீசை அரும்பிய காலம்!

இதற்கு 2038 வரைக்கும் காத்திருக்கக்கூட வேண்டாம். 2006 மே மாசம் 'ஏஓஎல் சர்வர்' என்ற மென்பொருளை ஓட்டிய சில இடங்களில் அது திடீர் திடீரென்று படுத்தது. 'இந்த வேலைக்குக் காலக்கெடுவே கிடையாது' என்பதைக் குறிக்க, 'இன்னும் நூறு கோடி நொடி' என்று எழுதிவைத்திருந்தார்கள். அன்றைய தேதியோடு நூறு கோடி நொடியைக் கூட்டினால் 2038-ஐத் தாண்டிவிடுகிறது. கெடு முடிந்துபோனதாக அது நினைத்துக்கொண்டது. இருபது வருஷ வீட்டுக் கடன், முப்பது வருஷ இன்ஷூரன்ஸ் என்று எதிர்காலத் தேதி போடுகிற எந்தக் கணக்கும் இதே குழியில் விழலாம்.

பயப்பட வேண்டாம். தீர்வு தெரியும். 64 சுவிட்ச் பெட்டி. இன்றைய கம்ப்யூட்டர்களும் செல்போன்களும் பெரும்பாலும் மாறிவிட்டன. லினக்ஸின் மையப் பகுதியில் 32 பிட் மெஷின்களுக்கும் 2020-ல் வழி செய்துவிட்டார்கள். பாக்கி இருப்பது கண்ணில் படாத சின்னச் சின்னக் கருவிகள். தொழிற்சாலை மெஷினுக்குள், மீட்டருக்குள், லிஃப்டுக்குள் ஒரு தடவை பொருத்திவிட்டு யாரும் திரும்பிப் பார்க்காத சில்லுகள். எங்கெங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்து மாற்றியாகணும்.

யார் மாற்றுவது? 1971-ல் பெட்டி செய்தவர்கள் ரிட்டயர்ட். 2038-ல் முப்பதுகளில் இருக்கப்போகிற, வேலையில் கொஞ்சம் அனுபவம் சேர்ந்த ஆட்கள்தான் மாற்றணும். அதாவது... இப்போ இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும் நீங்கள்தான், ஃப்ரெண்ட்ஸ்!

பார்லோ 'இதுக்கு மேல யாரும் போக மாட்டாங்க' என்றார். பெட்டி செய்தவர்கள் 'அவ்வளவு காலம் யாரு இருக்கப்போறாங்க' என்றார்கள். ரெண்டு பேரும் நின்ற இடம் ஒன்றேதான்: 2147483647. அந்த நம்பருக்கு அப்புறமும் நம்பர் இருக்கத்தான் செய்கிறது. எல்லை போட்டது நாமதான்.

2038-ல் பொங்கல் லீவு முடிந்து, அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் ஆபீஸ் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பீர்கள். 8.44-க்கு மணியைப் பாருங்கள். 8.45 வந்தால், எங்கேயோ யாரோ ஒழுங்காக வேலை பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த 'யாரோ' நீங்களாக இருந்தால், பக்கத்து சீட்காரரிடம் கொஞ்சம் கெத்தாகச் சொல்லிக்கொள்ளலாம்!